சாயத்துக்கு எப்படித் தெரியும், எது நியூக்ளியஸ் என்று?

வெங்காயத்தோல் எழுதியது:

எல்லாருக்கும் வணக்கம். பி.எஸ்சி. தாவரவியல் முதல் வருடம் படிக்கிறேன். வெங்காயத் தோலை உரித்து, சாஃப்ரனின் ஒரு சொட்டு விட்டு மைக்ரோஸ்கோப்பில் பார்ப்பது பள்ளியிலிருந்தே செய்து வருகிறோம். நீள நீளமான செல்கள், ஒவ்வொன்றிலும் ஓரமாக ஒரு சிவப்புப் பொட்டு. "அதுதான் நியூக்ளியஸ், படம் வரை" என்பார்கள். வரைவோம்.

என் சந்தேகம் இதுதான். சாயத்தைத் தோல் முழுக்கத்தான் விடுகிறோம். நியூக்ளியஸில் மட்டும் ஏன் அவ்வளவு அழுத்தமாகப் பிடிக்கிறது? அது நியூக்ளியஸ் என்று சாயத்துக்கு எப்படித் தெரியும்? ரெக்கார்டு நோட்டில் "சாஃப்ரனின் நியூக்ளியஸைச் சாயமேற்றும்" என்ற ஒரு வரியோடு முடிந்துவிட்டது. அப்புறம், சாயம் போடாமல் பார்த்தால் அது ஏன் தெரிவதில்லை? அங்கேதானே இருக்கிறது?


தாவரவியல்_வாத்தியார் எழுதியது:

தம்பியோ தங்கையோ தெரியவில்லை, கேள்வி நன்றாக இருக்கிறது.

இரண்டாவதை முதலில் முடித்துவிடுவோம். செல்லில் பெரும்பகுதி தண்ணீர். மீதி இருக்கிற புரதம், சர்க்கரை, நியூக்ளிக் அமிலம் எதற்கும் நிறம் கிடையாது. வெளிச்சம் நியூக்ளியஸுக்குள் புகுந்து வந்தாலும் பக்கத்தில் ஒதுங்கி வந்தாலும் கிட்டத்தட்ட ஒரே பிரகாசத்தில்தான் நம் கண்ணுக்கு வருகிறது. வித்தியாசம் இல்லாத இடத்தில் கண் எதைப் பிடிக்கும்? ஆனாலும் அடியோடு தெரியாது என்று சொல்ல மாட்டேன். அடுத்த முறை சாயம் விடாத தோலை வைத்து, ஒளியைக் குவிக்கும் கண்டென்சருக்கு அடியில் இருக்கும் டயஃப்ரத் துளையை நன்றாகக் குறுக்கிப் பார். மங்கலாக ஒரு வட்டம் தெரியும். 1831இல் ராபர்ட் பிரவுன் ஆர்க்கிட் இலைத்தோலில் நியூக்ளியஸைக் கண்டு சொன்னது சாயம் போட்டு அல்ல.

சரி, முதல் கேள்வி. சாயத்துக்கு ஒன்றும் தெரியாது. டிஎன்ஏ இழை நெடுக பாஸ்பேட் இருக்கிறது, அதில் எதிர் மின்சுமை. சாஃப்ரனின், மெத்திலீன் நீலம், கிரிஸ்டல் வயலட் எல்லாம் கரைசலில் நேர் மின்சுமை உள்ளவை. போய் ஒட்டிக்கொள்கின்றன, அவ்வளவுதான். நியூக்ளியஸைச் சுற்றியுள்ள சைட்டோபிளாசத்தில் இருக்கிற ஆர்என்ஏவிலும் அதே பாஸ்பேட் உண்டு, அதனால் அங்கேயும் லேசாகப் பிடிக்கும். நியூக்ளியஸில் டிஎன்ஏ நெருக்கி அடைந்து கிடப்பதால் அங்கே அழுத்தம்.

இப்போது உன் ரெக்கார்டு நோட்டு வரிக்கு வருகிறேன். அதே சாஃப்ரனினைத் தண்டின் குறுக்குவெட்டில் போட்டுப் பார். தண்ணீரைக் கடத்தும் சைலம் பளிச்சென்று சிவக்கும். சைலக் குழாய் செத்த செல், அதில் நியூக்ளியஸே கிடையாது. அங்கே பிடித்தது லிக்னின் என்ற மரப்பொருள் ஏறிய சுவர். ஆக "நியூக்ளியஸ் சாயம்" என்று ஒன்று தனியாக இல்லை. எதில் போடுகிறோம், எவ்வளவு நேரம் விடுகிறோம், எதனால் கழுவுகிறோம் என்பதைப் பொறுத்து அது எதையும் காட்டும்.


வெங்காயத்தோல் எழுதியது:

தங்கைதான் சார். நன்றி! அப்படியென்றால் எல்லாச் சாயமும் மின்சுமைக் கணக்கில்தான் வேலை செய்கிறதா?


மைக்ரோடோம் எழுதியது:

இல்லை தங்கச்சி, அந்தக் கணக்கு பாதி இடத்துக்குத்தான் சரி. நான் வைத்தியசாலையில் இழையவியல் (திசு) ஆய்வுகூடத்தில் வேலை செய்கிறேன். எங்களுக்கு நாள் முழுக்க ஹேமடாக்ஸைலின், ஈயோசின் என்ற இரண்டு சாயங்கள்தான்.

ஈயோசின், சார் சொன்னதற்கு நேர் எதிர். அதற்கு எதிர் மின்சுமை. ஆகவே நேர் மின்சுமை கூடிய புரதங்களைத் தேடிப் போகும். குழியவுரு (சைட்டோபிளாசம்), தசை, கொலாஜன், செங்குருதிக்கலம் எல்லாம் இளஞ்சிவப்பில் வெவ்வேறு சாயலில் நிற்பது அதனால்தான்.

ஹேமடாக்ஸைலின் கொஞ்சம் வில்லங்கமானது. மெக்சிகோவின் கம்பேச்சே பக்கத்தில் வளரும் ஒரு மரத்தின் வைரத்திலிருந்து எடுப்பது. எடுத்தபடி போட்டால் அது கலத்தில் (செல்லில்) ஒழுங்காகப் பிடிக்காது. முதலில் அதை ஒட்சியேற்ற வேண்டும், பிறகு படிகாரம் சேர்க்க வேண்டும். படிகாரத்தில் இருக்கும் அலுமினியம் ஒரு கையால் சாயத்தையும் மறு கையால் கருவில் (நியூக்ளியஸில்) உள்ள டிஎன்ஏயையும் பிடித்துக்கொள்கிறது. படிகாரம் இல்லாவிட்டால் கரு நீலமாகாது.

சாயத்திலிருந்து எடுத்தவுடன் கரு நீலமாகவும் இராது, ஒரு மாதிரிச் செவ்வூதாவாக இருக்கும். குழாய்த் தண்ணீரில் கழுவக் கழுவ உங்கள் கண் முன்னாலேயே நீலத்துக்கு மாறும். தண்ணீரில் இருக்கிற சிறு காரத்தன்மையின் வேலை அது. தண்ணீர் அமிலப் பக்கம் சாய்ந்தால் சிவப்பாகவே நிற்கும். அப்போது சோடியம் பைகார்பனேற்று கலந்த நீரில் தோய்த்து எடுப்போம். புதிதாக வரும் பிள்ளைகள் சாயத்தைக் குறை சொல்வார்கள், நான் முதலில் தண்ணீரைத்தான் பார்ப்பேன். காலையில் சாயத் தொட்டியின் மேலே உலோகம் போலப் பளபளவென்று ஒரு ஏடு படர்ந்திருக்கும். வடிகட்டாமல் போட்டால் அந்தத் துணுக்கெல்லாம் வெட்டுத்துண்டின் மேல் நீலப் புள்ளிகளாக உட்கார்ந்துவிடும்.

மின்சுமை சம்பந்தமே இல்லாத சாயமும் உண்டு. கொழுப்புக்குப் போடும் சூடான் வகைகள், ஆயில் ரெட் ஓ எல்லாம் கொழுப்பில் கரைந்து அங்கேயே தங்கிவிடும், வேறு காரணம் இல்லை. இதில் ஒரு பொறி இருக்கிறது. இழையத்தை மெழுகில் பதித்து வெட்டும் சாதாரண முறையில் அது அற்ககோலுக்குள்ளும் சைலீனுக்குள்ளும் போய் வருகிறது, அதிலேயே கொழுப்பு கரைந்து போய்விடும். எங்கள் கண்ணாடித் துண்டில் கொழுப்புக் கலம் என்பது சுற்றிவர ஒரு மெல்லிய கோடு, நடுவில் வெறும் வெள்ளை. கொழுப்பையே பார்க்க வேண்டும் என்றால் மெழுகு பக்கம் போகாமல் இழையத்தை உறையவைத்து வெட்ட வேண்டும்.


தாவரவியல்_வாத்தியார் எழுதியது:

படிகாரம் என்றதும் ஒன்று ஞாபகம் வருகிறது. சோழமண்டலக் கரையில் சாய வேர் கொண்டு துணிக்குச் சிவப்பு ஏற்றியவர்களும் படிகாரத்தை வைத்துத்தான் பிடிக்க வைத்தார்கள். ஆய்வகச் சாயங்களில் பெரும்பாலானவை துணிக் கடையிலிருந்து வந்தவை. 1856இல் பெர்கின் என்ற 18 வயதுப் பையன் கொய்னா செய்யப் போய் ஊதாச் சாயம் கிடைத்தது. அதற்குப் பிறகு ஜெர்மன் தொழிற்சாலைகள் வருடத்துக்கு வருடம் புதுச் சாயம் இறக்கின. மெத்திலீன் நீலமும் 1876இல் அப்படி வந்ததுதான். நெசவுக்குச் செய்ததை எடுத்துச் செல்லில் விட்டுப் பார்த்தார்கள். வால்தர் ஃப்ளெமிங் (பென்சிலின் ஃப்ளெமிங் அல்ல) அதே காலத்தில் சலமாண்டர் லார்வாவின் செல்களில் இந்தச் சாயங்களை ஏற்றித்தான் செல் பிரிதலைப் படிப்படியாக வரைந்தார்.


சந்தேகப்பிராணி எழுதியது:

நான் சிவில் இன்ஜினியர், குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும். ஃபார்மலினில் கொன்று, ஆல்கஹாலில் காயவைத்து, மெழுகில் வேகவைத்து, பிளேடில் சீவி, சாயத்தில் முக்கி எடுத்ததைப் பார்த்துவிட்டு "செல் இப்படித்தான் இருக்கும்" என்கிறீர்கள். கருவாட்டைப் பார்த்து மீன் எப்படி நீந்தும் என்று சொல்கிற கதையாக இருக்கிறதே? கொழுப்பு கரைந்துபோய் ஓட்டை மட்டும் மிஞ்சும் என்று மைக்ரோடோம் அவர்களே சொல்லிவிட்டார். மற்றதிலும் இப்படி ஏதாவது இல்லாததைப் பார்க்கவில்லை என்பதற்கு என்ன உத்தரவாதம்?


நீலஒளி எழுதியது:

உத்தரவாதம் கிடையாது. இந்தச் சண்டை நிஜமாகவே நடந்தது, ஒன்றல்ல இரண்டு.

கமில்லோ கோல்ஜி 1898இல் ஆந்தையின் சிறுமூளை நரம்பு செல்களுக்குள் வலைப்பின்னல் மாதிரி ஒன்றைப் பார்த்தார். இன்று பள்ளிப் புத்தகத்தில் இருக்கும் கோல்ஜி உறுப்பு. வெள்ளி ஏற்றும் முறையில் மட்டும்தான் அது சரியாகத் தெரிந்தது, அதுவும் ஒரு நாள் வரும், ஒரு நாள் வராது. "இது செல்லில் இல்லை, உங்கள் வெள்ளி உப்பு படிந்த கறை" என்று அரை நூற்றாண்டு சொல்லிக்கொண்டிருந்தார்கள். 1950களில் எலக்ட்ரான் நுண்ணோக்கி வந்து தட்டுத் தட்டாக அதன் சவ்வுகளைக் காட்டிய பிறகுதான் வாய் மூடினார்கள்.

நீங்கள் பயப்படுகிற மாதிரியும் ஒன்று நடந்தது. அதே 50களில் எலக்ட்ரான் நுண்ணோக்கியில் பாக்டீரியாவின் சவ்வு உள்ளே மடிந்து சுருண்டு நிற்பதைப் பார்த்து மீசோசோம் என்று பெயர் வைத்தார்கள். சுவாசம், டிஎன்ஏ பிரிதல் என்று அதற்கு வேலையும் ஒதுக்கினார்கள். பின்னால் வேதிப்பொருளில் பதப்படுத்தாமல் சட்டென உறையவைத்துப் பார்த்தால் ஆளைக் காணோம்! பதப்படுத்தும்போது உண்டான மடிப்பு அது. சில பாடப்புத்தகங்களில் இன்னும் உயிரோடு இருக்கிறது, அது வேறு கதை.

ஒரே ஸ்லைடைப் பார்த்தே இரண்டு முடிவுக்கு வரலாம் என்பதற்கும் கோல்ஜிதான் உதாரணம். 1873இல் அவர் கண்டுபிடித்த கருப்பு வினை: திசுவைப் பொட்டாசியம் டைகுரோமேட்டில் ஊறவைத்து, பிறகு வெள்ளி நைட்ரேட்டில் போடுவது. நூற்றுக்குச் சில நரம்பு செல்கள் மட்டும் கடைசிக் கிளை வரை கருப்பாக நிரம்பும். மற்றவை வெறுமையாக இருக்கும். அந்தச் சில ஏன் தேர்வாகின்றன என்பதற்கு இன்றும் தெளிவான பதில் இல்லை. ஆனால் அது அப்படி இருந்ததால்தான் பயன். எல்லாமே கருத்திருந்தால் தார் பூசிய துண்டாகத்தான் இருந்திருக்கும். அந்த முறையை எடுத்து மெருகேற்றிய ஸ்பெயின்காரர் கஹால், நரம்பு செல்கள் தனித்தனி என்றார். கோல்ஜி, எல்லாம் ஒட்டிய ஒரே வலை என்றார். 1906இல் இருவருக்கும் சேர்த்து நோபல் கொடுத்தார்கள். கோல்ஜி அந்த மேடையிலேயே கஹாலின் கொள்கையை எதிர்த்துப் பேசினார். ஜெயித்தது கஹால்.


சந்தேகப்பிராணி எழுதியது:

அப்போ வெவ்வேறு வழியில் தயாரித்துப் பார்த்தும் அது அங்கே இருந்தால் நம்பலாம், ஒரே வழியில் மட்டும் வந்தால் யோசிக்க வேண்டும். எங்கள் கான்கிரீட் சோதனையும் அதே மாதிரிதான். சரி, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் உயிரோடு பார்க்க வழியே இல்லையா?


நீலஒளி எழுதியது:

இருக்கிறது. இயற்பியலாளர் ஜெர்னிகி 1930களில் கண்டுபிடித்த ஃபேஸ் கான்ட்ராஸ்ட் முறைக்குச் சாயமே வேண்டாம். ஒளி செல்லுக்குள் பட்ட தாமதத்தை வெளிச்ச வித்தியாசமாக மாற்றிக் காட்டும். 1953இல் அவருக்கு நோபல். உயிருள்ள செல்லுக்குப் போடும் சாயமும் உண்டு. ஜானஸ் கிரீன் பி போட்டால் மைட்டோகாண்ட்ரியா மட்டும் நீலப்பச்சையாக நிற்கும். மற்ற இடத்தில் அது ஒடுக்கமடைந்து நிறம் இழந்துவிடும். மைட்டோகாண்ட்ரியாவில் இருக்கும் ஆக்சிஜனேற்ற நொதி சாயத்தை நிறத்தோடு வைத்திருக்கிறது. அங்கே சாயம் சொல்வது உறுப்பின் வடிவத்தை மட்டுமல்ல, அது வேலை செய்துகொண்டிருக்கிறது என்பதையும்.


வெங்காயத்தோல் எழுதியது:

இழை எங்கேயோ போய்விட்டது, ஆனால் சுவாரசியமாக இருக்கிறது! என் அறைத்தோழி நுண்ணுயிரியல். அவள் கேட்கச் சொன்னாள்: பேசில்லஸ் என்ற பாக்டீரியா கிராம் சாயமுறையில் பாசிட்டிவ், ஊதாவாக வர வேண்டும். அவர்கள் வகுப்பில் ஒரே ஸ்லைடில் பாதி ஊதா, பாதி சிவப்பு. கல்ச்சரில் (வளர்த்த பாக்டீரியாவில்) வேறு ஏதாவது கலந்துவிட்டதா?


பெட்ரி_டிஷ் எழுதியது:

கல்ச்சர் எத்தனை நாள் பழையது என்று முதலில் கேட்கச் சொல்லுங்கள். 18 முதல் 24 மணி நேரத்துக்குள் இருக்க வேண்டும். நாலைந்து நாள் ஃபிரிட்ஜில் கிடந்த பேசில்லஸ் இப்படித்தான் இரண்டும் கெட்டானாக வரும். கலப்படமாகவும் இருக்கலாம், ஆனால் என் ஓட்டு பழைய கல்ச்சருக்குத்தான். காரணம் சொல்கிறேன்.

கிரிஸ்டல் வயலட் ஊற்றினால் எல்லா பாக்டீரியாவும் ஊதாவாகும். அயோடின் ஊற்றினால் இரண்டும் சேர்ந்து உள்ளேயே பெரிய கூட்டாகத் திரளும். இதுவரை யார் யார் என்று பிரித்துச் சொல்ல முடியாது. மூன்றாவது படியில்தான் விஷயம்: ஆல்கஹால். பாசிட்டிவ் வகைக்குப் பெப்டிடோகிளைக்கன் என்ற பொருளாலான தடிமனான சுவர். ஆல்கஹால் பட்டதும் அது நீர் இழந்து சுருங்கி, திரண்ட சாயத்தை உள்ளே வைத்துப் பூட்டிவிடும். நெகட்டிவ் வகைக்குச் சுவர் மெல்லிசு, வெளியே கொழுப்புச் சவ்வு. சவ்வை ஆல்கஹால் குலைத்துவிடும், சாயம் வெளியேறிவிடும். வெறுமையாக நிற்கும் அதற்குக் கடைசியில் சாஃப்ரனின் சிவப்பு. பழைய கல்ச்சரில் சுவர் நைந்துபோன செல்கள் நிறைய இருக்கும், பாசிட்டிவாகவே இருந்தாலும் சாயத்தைப் பிடித்து வைக்க முடியாது.

இன்னொரு சாத்தியம், ஆல்கஹால் அதிக நேரம் ஓடிவிட்டது. இது விநாடிக் கணக்கு. ஸ்லைடைச் சாய்த்துப் பிடித்துச் சொட்டுச் சொட்டாக விட்டு, வழிகிற துளியில் ஊதா நின்ற கணமே தண்ணீரில் கழுவ வேண்டும். அசிட்டோன் கலந்திருந்தால் இன்னும் வேகம். ஸ்மியர் (கண்ணாடியில் பரப்பிய படலம்) ஒரு பக்கம் தடிப்பாகவும் ஒரு பக்கம் மெல்லிசாகவும் இருந்தால் ஒரே ஸ்லைடில் இரண்டு நிறமும் வரும்.

ஹான்ஸ் கிறிஸ்டியன் கிராம் 1884இல் பெர்லினில் இதை வெளியிட்டபோது பாக்டீரியாவை இரண்டாகப் பிரிக்க வேண்டும் என்று நினைக்கவில்லை. நிமோனியாவில் இறந்தவர்களின் நுரையீரல் திசுவில் பாக்டீரியாவைத் தனியாகக் காட்ட வழி தேடினார். இது குறையுள்ள முறைதான், மற்றவர்கள் கையில் பயன்படலாம் என்று அவரே எழுதினார். சிவப்புச் சாயம் பின்னால் வந்து சேர்ந்தது. இன்று மருத்துவர் முதல் ஆன்டிபயாடிக்கைத் தீர்மானிக்க அந்த நிறம்தான் முதல் துப்பு. உதாரணமாக, வான்கோமைசின் என்ற ஆன்டிபயாடிக் நெகட்டிவ் வகையின் வெளிச் சவ்வைத் தாண்டாது. சுவரே இல்லாத மைக்கோபிளாஸ்மா என்ற பாக்டீரியாவிடம் கிராம் முறை தோற்றுவிடும் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.


ஆயில்_இம்மர்சன் எழுதியது:

சுவர் அதிகமாகிப் போனதால் கிராம் தோற்கிற கிருமியும் உண்டு. என் தினப்படி வேலை அதுதான், காசநோய்க் கிருமி. அதன் சுவரில் மைக்கோலிக் அமிலம் என்ற மெழுகுத்தனமான கொழுப்பு. சாதாரணச் சாயம் லேசில் உள்ளே போகாது.

சளியைக் கண்ணாடியில் 3க்கு 2 செ.மீ. அளவில் பரப்பி, காயவைத்து, தீயில் காட்டி ஒட்டவைத்து, மேலே கார்பால் ஃப்யூக்ஸின் ஊற்றுவோம். அடியில் சூடு காட்ட வேண்டும். ஆவி எழும்பணும், கொதிக்கக் கூடாது. ஐந்து நிமிடம். சூட்டில் சாயம் உள்ளே போய்விடும். பிறகு 25 சதவீத கந்தக அமிலம். மற்ற எல்லாமே நிறம் விட்டுவிடும், இது விடாது. உள்ளே போக விடாத அதே சுவர் வெளியே போகவும் விடுவதில்லை. கடைசியில் மெத்திலீன் நீலம். நீலப் பின்னணியில் மெல்லிய, கொஞ்சம் வளைந்த சிவப்புக் குச்சிகள். ஒரு புலத்தில் (லென்சில் ஒரே பார்வையில் தெரியும் வட்டத்தில்) 10க்கு மேல் இருந்தால் 3+, 1 முதல் 10 வரை 2+. 100 புலம் பார்த்து 10 முதல் 99 வரை இருந்தால் 1+, அதற்கும் கீழே என்றால் எண்ணிக்கையை அப்படியே எழுத வேண்டும். நெகட்டிவ் என்று எழுதத்தான் பொறுமை வேண்டும், 100 புலமும் பார்க்காமல் எழுத முடியாது. இப்போது மரபணுச் சோதனைதான் முன்னால் நிற்கிறது. ஆனால் சிகிச்சை கேட்கிறதா என்று பின்தொடர இன்னும் கண்ணும் எண்ணெய் லென்சும்தான்.

ராபர்ட் கோக் 1882 மார்ச் 24 அன்று பெர்லினில் இந்தக் கிருமியை அறிவித்தார். அந்தக் கூட்டத்தில் இருந்த பால் எர்லிக்தான் சாயமேற்றும் முறையைத் திருத்தி, அமிலம் போட்டாலும் நிறம் விடாத குணத்தைக் காட்டினார். சில வருடம் கழித்து அவர் சளியிலேயே அந்தச் சிவப்புக் குச்சிகள் இருந்தன. உடம்பைத் தேற்ற எகிப்து போய் வந்தார்.


பெட்ரி_டிஷ் எழுதியது:

அருமை அண்ணா. ஒரு சின்னத் திருத்தம், கிராம் முறையில் அது முழுக்க மறைந்துவிடுவதில்லை. சுவர் அமைப்பை வைத்துப் பாசிட்டிவ் பக்கம்தான் சேர்க்கிறார்கள். மங்கலாக, திட்டுத் திட்டாக, சில சமயம் நிறமே ஏறாத வெற்றுக் கோடாகத் தெரியும்.


ஆயில்_இம்மர்சன் எழுதியது:

சரிதான். அந்த வெற்றுக் கோட்டை நம்பி ரிப்போர்ட் எழுத முடியாது என்பதுதான் நான் சொல்ல வந்தது.

மலேரியாவையும் சொல்லிவிடுகிறேன், நியூக்ளியஸ் கேள்விக்கு அது நேரடிச் சம்பந்தம். நம் சிவப்பணுவில் நியூக்ளியஸ் கிடையாது. ஆகவே அதற்குள் நியூக்ளியஸ் நிறத்தில் ஒரு புள்ளி தெரிந்தால் அது நம்முடையது அல்ல. ஜீம்சா சாயத்தில் ஒட்டுண்ணியின் நியூக்ளியஸ் செந்நிறம், சைட்டோபிளாசம் நீலம். நீல மோதிரத்தில் சிவப்புக் கல். மெத்திலீன் நீலத்தைப் பழசாக்கி ஆக்சிஜனேற்றினால் கிடைக்கும் அசூர் சாயமும் ஈயோசினும் சேர்ந்தால்தான் அந்தச் செந்நிறம் வரும், தனித்தனியாகப் போட்டால் வராது. தாங்கல் கரைசலின் பி.எச். 7.2 பக்கத்தில் இருக்க வேண்டும், இறங்கினால் எல்லாம் சிவந்து குழப்பிவிடும். இந்திய மலேரியா ஆய்வகங்களில் பழக்கத்தில் இருக்கிற ஜே.எஸ்.பி. சாயம், 1944இல் ஜஸ்வந்த் சிங்கும் பட்டாசார்ஜியும் செய்தது. சிக்கனம், வேகம்.


வெங்காயத்தோல் எழுதியது:

கடைசியாக ஒன்று. டிஎன்ஏ, லிக்னின் இரண்டிலும் சாஃப்ரனின் ஒட்டும் என்றால், டிஎன்ஏவில் மட்டுமே ஒட்டும் சாயம் எதுவும் இல்லையா?


நீலஒளி எழுதியது:

ஃபூல்கன் முறை, 1924. திசுவை மிதமான அமிலத்தில் சூடாக்கினால் டிஎன்ஏவின் சர்க்கரையில் ஆல்டிஹைடு வெளிப்படும், நிறமற்ற ஷிஃப் கரைசல் அதோடு வினைபுரிந்து செவ்வூதாவாகும். ஆர்என்ஏவின் சர்க்கரை அந்த அமிலத்துக்கு அப்படி உடைவதில்லை. இங்கே மின்சுமை ஈர்ப்பு இல்லை, முழு வேதிவினை. டிஎன்ஏ எவ்வளவோ அவ்வளவு நிறம், அளந்தே பார்க்கலாம். விலங்குக்கு ஒரு நியூக்ளிக் அமிலம், தாவரத்துக்கு வேறு என்று நம்பிய காலத்தில், தாவர செல்லின் நியூக்ளியஸும் இந்த நிறத்தைக் காட்டி அந்தக் கதையை முடித்தது.

இன்றைய ஆய்வகத்தில் டாபி, ஹோக்ஸ்ட் என்ற ஒளிரும் சாயங்கள். டிஎன்ஏவின் குறுகிய பள்ளத்தில் போய் உட்கார்ந்த பிறகுதான் நன்றாக ஒளிரும், வெளியே இருப்பது மங்கல். புற ஊதா காட்டினால் கருப்புப் பின்னணியில் நீல நியூக்ளியஸ். பக்கத்தில் ஆக்டின் என்ற புரத இழையும் தெரிய வேண்டும் என்றால் ஃபல்லாய்டின், ஒரு கொடிய விஷக் காளானிலிருந்து வருவது.


வெங்காயத்தோல் எழுதியது:

எங்கள் கல்லூரியில் புற ஊதாவுக்கு எங்கே போவது! அசிட்டோகார்மைன் சாயம்தான் இருக்கிறது. அடுத்த வாரம் வெங்காய வேர் நுனி. போன வருட மாணவர்கள் "குரோமோசோமே தெரியவில்லை" என்று பயமுறுத்துகிறார்கள். எதில் கவனமாக இருக்க வேண்டும், சார்?


தாவரவியல்_வாத்தியார் எழுதியது:

வேர் 2, 3 செ.மீ. வளர்ந்ததும் நுனியை மட்டும் எடு, கடைசி 1, 2 மி.மீ.தான் பிரிகிற பகுதி. பேராசைப்பட்டு நீளமாக வெட்டினால் நீண்டு முதிர்ந்த செல்கள்தான் தட்டுப்படும். ஒரு பங்கு அசிட்டிக் அமிலம், மூன்று பங்கு ஆல்கஹால் கலவையில் ஒரு நாள் போட்டு வை. பிறகு 1 நார்மல் ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் 60 டிகிரியில் சில நிமிடம். செல்களை ஒட்டவைத்திருக்கும் பெக்டின் இளகி, அழுத்தினால் ஒரே அடுக்காகப் பரவும். நிறையப் பேர் இந்தப் படியைத் தாண்டிவிட்டு, ஒன்றன் மேல் ஒன்றாகக் கிடக்கும் செல் குவியலைப் பார்த்துத்தான் "தெரியவில்லை" என்கிறார்கள்.

சாயத்தை லேசாகச் சூடாக்கு, கொதிக்கவிடாதே. சாயத்துளியில் இரும்பு ஊசியால் கிண்டு, ஸ்டீல் ஊசி வேண்டாம். கொஞ்சம் இரும்பு சேர்ந்தால் கார்மைன் கருஞ்சிவப்பாக ஏறும், படிகாரம் செய்த அதே வேலை. அதிகமானால் எல்லாமே கறுத்துவிடும். கவர்ஸ்லிப் மேல் பிளாட்டிங் பேப்பர் வைத்து, கட்டைவிரலால் நேர் கீழாக அழுத்து. பக்கவாட்டில் துளி நகர்ந்தாலும் செல்கள் உருண்டு கலைந்துவிடும்.

பத்து பெருக்கத்தில் தேடி, நாற்பதில் எண்ணு. பெரும்பாலான செல்கள் ஓய்வு நிலையில்தான் இருக்கும், அதைப் பார்த்துச் சோர்ந்துவிடாதே. நல்ல மெட்டாஃபேஸ் (குரோமோசோம்கள் செல்லின் நடுவில் வரிசையாக நிற்கும் பிரிதல் நிலை) ஒன்று மாட்டினால் 16 குரோமோசோம் வர வேண்டும். கவர்ஸ்லிப் ஓரத்தில் நகப்பூச்சு தடவினால் சில நாள் காயாமல் இருக்கும். ரெக்கார்டில் படம் வரைய அது போதும்.